டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்ன? மதுரையில் குடிநோய் சிகிச்சை ஒரு மதிப்பீடு

குடிநோய்க்கு மையம் தேடி வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது எத்தனை நாள் அட்மிஷன், எவ்வளவு செலவு என்பதைத்தான். டிஸ்சார்ஜ் ஆன பிறகு யார் பார்ப்பார்கள் என்று ரொம்பப் பேர் கேட்பதில்லை. மாத்திரையும் கவுன்சிலிங்கும் ஒரே இடத்தில், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் டாக்டரும் ஆலோசகரும் தருகிற சிகிச்சைக்கே எங்கள் ஓட்டு. ஒன்றை மட்டும் தருவது ஏசி அறை இருந்தாலும் அரைவைத்தியம்தான்.

முதல் வாரம் மருந்தின் வாரம். தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கிவிடும். டீ கிளாஸைப் பிடித்தால் தளும்பும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலர் ஆள் தெரியாமல் பிதற்றுவார்கள், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள். உயிரே போகக்கூடிய கட்டம் இது. இதை அடக்க குளோர்டயசிபாக்சைடு போன்ற மருந்தைக் கொடுத்து நாளுக்கு நாள் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோரசிபாம். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடுகிறார்களா என்று கேளுங்கள், அதை விட்டால் மூளை பாதிக்கும். டாக்டர் இல்லாமல் பூட்டி வைத்து ‘தானாத் தெளியும்’ என்கிற இடத்தில் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

அடுத்து, திரும்பக் குடிக்காமல் இருப்பதற்கான மாத்திரைகள். நால்ட்ரெக்சோன் தினம் 50 மி.கி.; குடித்தாலும் போதையின் சுகத்தை மட்டுப்படுத்தும். வலிக்கு டிரமடால் எடுப்பவருக்கு ஆகாது. குடிக்கும் ஏக்கத்தைக் குறைப்பது அகாம்ப்ரோசேட்: 333 மி.கி., வேளைக்கு 2 வீதம் 3 வேளை. வேலைக்குப் போகிறவர்கள் மதிய வேளையைத்தான் கோட்டை விடுவார்கள். சிறுநீரகத்தைப் பரிசோதிக்காமல் தொடங்கக் கூடாது.

குடித்தால் உடம்பு ஏற்காதபடி செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரை விஷயத்தில் கறாராகவே சொல்கிறோம். ஆளுக்குத் தெரியாமல் சாம்பாரில் பொடித்துப் போடாதீர்கள். அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து நெஞ்சைப் பிடிக்கும். ஏன் என்று அவருக்கும் தெரியாது, கேஷுவாலிட்டி டாக்டருக்கும் தெரியாது. விவரம் தெரிந்து, சம்மதித்துச் சாப்பிடுபவருக்கே அது. கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். கீழமாசி வீதியில் வாங்கும் அரிஷ்டத்திலும் சில இருமல் மருந்திலும்கூட ஆல்கஹால் உண்டு. மாத்திரையை நிறுத்தி 2 வாரம் வரை எச்சரிக்கை வேண்டும்.

மாத்திரை தருவது அவகாசம். அந்த அவகாசத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லித் தருவது கவுன்சிலிங். நல்ல ஆலோசகர் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் எந்த ரோடு வழியாக வீட்டுக்குப் போவீர்கள் என்று கேட்பார். பாண்டி கோயில் கிடாவெட்டில் மச்சான் டம்ளரை நீட்டினால் என்ன சொல்வது என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வைப்பார். மனைவியையோ அம்மாவையோ தனியாக உட்கார வைத்துப் பேசுவார்: மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுங்கள், வாயை மோந்து பார்த்துச் சண்டை போடாதீர்கள்.

நிறைய மையங்கள் கோட்டை விடுவதும் இங்கேதான். குழுவாக உட்கார வைத்து ஒரு வீடியோ போட்டால் அது கவுன்சிலிங் ஆகாது. மறுபடி குடித்துவிட்டு வந்தவரைத் திட்டி அனுப்பினால் அவர் அடுத்த முறை வரவே மாட்டார். மருந்தையும் திட்டத்தையும் மாற்ற வேண்டிய நேரம் அது. சேர்க்குமுன் கேளுங்கள்: முதல் 3 மாதம் எத்தனை முறை வரச் சொல்வீர்கள், வராவிட்டால் யார் போன் போடுவார்கள்?

பணம் கட்ட முடியாதவர்கள் கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14446, போதை மீட்புக்கான கட்டணமில்லாத தேசிய உதவி எண்.