மாகாண சபையா, பழங்குடி உரிமைப் பிரகடனமா?

கொழும்பில் அதிகாரப் பகிர்வு என்றவுடன் பேசப்படுவது மாகாண சபைகளை உருவாக்கிய, 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தமே. அது அரசியலமைப்பின் பகுதியாதலால் நீதிமன்றத்தில் வலுவுடையது. ஆயினும் காணி, பொலிஸ் அதிகாரங்கள் நடைமுறையில் மாகாணங்களுக்குக் கைமாறவில்லை, வட மாகாண சபையும் 2018 ஒக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் தேர்தலின்றி ஆளுநரின் நிர்வாகத்திற்குச் சென்றது. இலங்கையும் ஆதரித்து வாக்களித்த 2007ஆம் ஆண்டின் ஐ.நா. பழங்குடி மக்கள் உரிமைப் பிரகடனமோ, உள்ளூர் விவகாரங்களில் தன்னாட்சி உரிமையை 4ஆவது உறுப்புரையில் வெளிப்படையாகவே ஏற்கிறது. ஆனால் சட்டப்படி அரசைக் கட்டுப்படுத்தாது.

மதுரு ஓயா 1983இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது வேட்டை நிலத்தை இழந்த, இலங்கையின் பழங்குடியினரான தம்பானை வேடர்களுக்கு, மாகாண எல்லையை அடிப்படையாகக் கொண்ட முதல் வழி ஏறத்தாழ எதையும் தருவதில்லை. அவர்களுக்கு இரண்டாவதே பொருந்தும். வடக்கு, கிழக்கிற்கு, இத்தனை குறைகளோடும், முதலாவதையே தெரிவுசெய்வேன்; அதைக் காட்டி வழக்காடவாவது முடியும்.