ஜிஎஸ்டி பணத்தை கன்சல்டன்ட் கணக்கில் போடுபவர்கள் கவனத்துக்கு

ஜிஎஸ்டி வேலை முழுவதையும் வெளியாள் ஒருவரிடம் விட்டுவிட்டுத் தொழிலைப் பார்க்கும் சிறு வியாபாரிகள் தயவுசெய்து இதைப் படியுங்கள். வரி கட்டச் சொல்லி மாதாமாதம் நாங்கள் கொடுத்த பணம் ஒரு வருடத்துக்கும் மேலாக அரசாங்கத்துக்குப் போகவே இல்லை. ரிட்டர்ன் மட்டும் தேதி தவறாமல் போயிருக்கிறது, விற்பனை பூஜ்யம் என்று.

நாங்கள் அட்டைப்பெட்டி செய்து கம்பெனிகளுக்குக் கொடுக்கிறோம். பதிவு எடுத்தது முதல் ரிட்டர்ன் வரை எல்லாம் ஒரு கன்சல்டன்ட்தான் பார்த்தார். மாதம் பிறந்ததும் பில்களை வாங்கிக்கொள்வார், "இந்த மாசம் இவ்வளவு வருது சார், எனக்கு அனுப்பிடுங்க, நானே கட்டிடறேன்" என்பார். அனுப்புவோம். 20ஆம் தேதிக்குள் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் வந்துவிடும்: ஒன்று சலான், இன்னொன்று ரிட்டர்ன் ஃபைல் ஆனதாகக் காட்டும் திரை.

விஷயம் வெளியே வந்தது எங்களிடம் வாங்கும் ஒரு கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து. "உங்க பில் ஒண்ணுகூட எங்க 2பி-ல வரலை. வர்ற வரைக்கும் டாக்ஸ் தொகையைப் பிடிச்சு வைக்கிறோம்" என்றார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நாம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை ரிட்டர்னில் ஏற்றும் பில்கள்தான் 14ஆம் தேதி வாங்கியவரின் 2பி-யில், அதாவது போர்ட்டலில் அவர் வாங்கிய பில்களைக் காட்டும் பட்டியலில், தானாகத் தெரியும். அங்கே இல்லாத பில்லுக்கு அவர் இன்புட் எடுக்க முடியாது, அதாவது எங்களுக்குக் கொடுத்த வரியைத் தன் வரியில் கழிக்க முடியாது. கன்சல்டன்ட்டைக் கேட்டால் "போர்ட்டல் பிரச்சினை சார், அடுத்த மாசம் வந்துடும்" என்றார். அடுத்த மாதமும் வரவில்லை. அப்புறம் போனையே எடுக்கவில்லை.

நாங்களே உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பதிவில் இருந்த மொபைல் எண்ணும் இமெயிலும் அவருடையவை. ஓடிபி அவருக்குத்தான் போகும், துறை அனுப்பும் நோட்டீஸும் அவருக்குத்தான் போகும். இது பல இடங்களில் நடக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. பதிவு எடுக்கும்போதே "ஓடிபிக்கு உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாமே" என்று தங்கள் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். நில் ரிட்டர்ன், அதாவது எல்லாம் பூஜ்யம் என்ற ரிட்டர்ன் என்றால் 14409க்கு ஒரு எஸ்எம்எஸ், வரும் குறியீட்டை உறுதிசெய்து இன்னொரு எஸ்எம்எஸ், அவ்வளவுதான் வேலை. பதிவான எண் யாரிடம் இருக்கிறதோ அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே முடித்துவிடலாம்.

எங்கள் ஏரியாவுக்கான ஜிஎஸ்டி அலுவலகத்தில் பான் கார்டு, பதிவுச் சான்றிதழ், கடிதம் எல்லாம் கொடுத்தோம். மொபைல் எண்ணையும் இமெயிலையும் அவர்களே மாற்றிக்கொடுத்தார்கள். அந்த அதிகாரி பொறுமையாக உதவினார், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

இப்போது அந்த இரண்டு படங்களுக்கு வருகிறேன், ஏனென்றால் இதே படங்கள் உங்கள் போனிலும் இருக்கலாம். சலான் போலியானது அல்ல, போர்ட்டலில் உருவாக்கியதுதான். அதில் 14 இலக்க சிபிஐஎன் எண் இருக்கிறது, எங்கள் பெயரும் தொகையும் சரியாக இருக்கின்றன. ஆனால் சிபிஐஎன் என்பது சலான் தயாரானது என்பதற்கு மட்டுமே அடையாளம். பணம் கட்டினால்தான் சிஐஎன் என்ற 17 எழுத்து எண் வரும். கட்டாத சலான் 15 நாளில் காலாவதியாகிவிடும். எங்களுக்கு வந்த எந்தப் படத்திலும் சிஐஎன் இல்லை. இன்னொரு படமும் உண்மையானதுதான், ரிட்டர்ன் ஃபைல் ஆகியிருந்தது. பூஜ்யம் போட்டு அனுப்பினாலும் அந்தத் திரை 'ஃபைல்டு' என்றுதான் காட்டும், எவ்வளவு என்று காட்டாது. லாகின் இல்லாமலே யாரும் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுப் பார்க்கக்கூடிய பட்டியலிலும் அப்படித்தான். ஆகவே 'ஃபைல்டு' என்ற ஒரு சொல்லை நம்பாதீர்கள். மாத விற்பனையையும் கட்டிய வரியையும் காட்டும் ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-யின் பிடிஎஃப்பை வாங்குங்கள். அதில் 3.1 அட்டவணையில் உங்கள் விற்பனைத் தொகையும், 6.1இல் கட்டிய வரியும் இருக்க வேண்டும். போர்ட்டலில் உங்கள் பணக் கணக்கான மின்னணு கேஷ் லெட்ஜரில் பணம் வந்ததும் கழிந்ததும் தெரிய வேண்டும். மாதம் ஒரு முறை, ஐந்து நிமிட வேலை.

உள்ளே போனதும் 'நோட்டீஸ்' பக்கத்தில் விளக்கம் கேட்டு ஏஎஸ்எம்டி-10 என்ற நோட்டீஸ் வந்து கிடந்தது. சரக்கு அனுப்பும்போது போட வேண்டிய இ-வே பில்களையும் கன்சல்டன்ட்தான் எங்கள் பெயரில் போட்டு வந்தார். சரக்கு போகிறது, ரிட்டர்னில் விற்பனை இல்லை என்றால் துறை கேட்கத்தானே செய்யும்?

சட்டம் இதில் கன்சல்டன்ட்டைப் பார்ப்பதில்லை. ஜிஎஸ்டி சட்டம் 48ஆம் பிரிவின்படி, வேறொருவர் தாக்கல் செய்தாலும் ரிட்டர்னில் உள்ள விவரங்களுக்குப் பொறுப்பு பதிவு பெற்றவருடையதுதான். வாங்கியவரிடம் வசூலித்த வரியையும் நாம்தான் கட்ட வேண்டும். ஒருமுறை கொடுத்த பணத்தை மறுபடி புரட்டினோம், ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு. ஒரு லட்சம் ஒரு வருடம் தாமதமானால் வட்டியே 18,000 ரூபாய். ஒருமுறை அனுப்பிய 3பி-யைத் திருத்தவும் முடியாது. விடுபட்ட பில்களை அடுத்தடுத்த ரிட்டர்னில்தான் சேர்க்க வேண்டும்.

வட்டியைவிட வலித்தது வேறொன்று. ஒரு நிதியாண்டின் பில்லுக்கு இன்புட் எடுக்க அந்த ஆண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 வரைதான் கெடு. எங்கள் பழைய பில்கள் சிலவற்றுக்கு அந்தத் தேதி தாண்டிவிட்டது. நாங்கள் வரியைக் கட்டினாலும் வாங்கியவருக்கு இன்புட் கிடைக்காது. அந்தத் தொகையை எங்கள் பேமெண்ட்டில் கழித்துக்கொண்டார்கள். வருடக்கணக்காக எங்களோடு இருந்த ஒரு கம்பெனி ஆர்டரையே நிறுத்திவிட்டது.

உங்கள் கன்சல்டன்ட் நல்லவராகவே இருக்கலாம். நேர்மையானவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், இப்போது எங்களுக்குப் பார்ப்பவரும் அப்படித்தான். ரிட்டர்ன் போடுவது அவர் வேலையாக இருக்கட்டும். பணத்தை மட்டும் உங்கள் நெட் பேங்கிங்கிலிருந்து போர்ட்டலிலேயே நேராகக் கட்டுங்கள், ஃபீஸைத் தனியாகக் கொடுங்கள். பதிவில் உங்கள் எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். 'நானே சேர்த்துக் கட்டிடறேன்' என்று வற்புறுத்துபவரிடம் ஏன் என்று கேளுங்கள். அவர் துறையில் பதிவு செய்த ஜிஎஸ்டி பிராக்டிஷனரா என்பதையும் போர்ட்டலில் தேடிப் பார்க்கலாம். அப்படிப் பதிவு செய்தவர் தப்பு செய்தால் துறை அவரைத் தகுதி நீக்கம் செய்ய விதி இருக்கிறது. எங்களை ஏமாற்றியவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

நம்பிக்கை மோசடி என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். வங்கி ஸ்டேட்மெண்ட், வாட்ஸ்அப் செய்திகள், அந்த சலான் படங்கள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து இணைத்திருக்கிறோம். இதுவரை பணம் எதுவும் திரும்பி வரவில்லை. அவரிடம் இன்னும் வேறு வியாபாரிகளும் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விவரமாக எழுதினேன்.