டோடரோவா, குட்வினா? பாட்டு வீடியோவை அலச எது?

ஒகேனக்கல்லில் எடுத்த நாலு நிமிடப் பாப் வீடியோ ஒன்றை அலச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கதைகளின் அமைப்பை ஆராய்ந்த கோட்பாட்டாளர் டோடரோவ் சொல்லும் ஐந்து படிகள் (சமநிலை, குலைவு, குலைவை உணர்தல், சரிசெய்யும் முயற்சி, புதுச் சமநிலை) கதை உள்ள வீடியோவுக்குத்தான் கைகொடுக்கும். பரிசல்காரர் மகள் ஊரை விட்டுப் போய்த் திரும்பினால் சரி. ஆனால் பல்லவி வரும்போதெல்லாம் கதை நின்றுவிடும். இல்லாத ‘புதுச் சமநிலை’யை வலிந்து ஒட்டுவது இதனால்தான்.

பாட்டு வீடியோக்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின், கதையிலிருந்து அல்ல, பாட்டிலிருந்தே தொடங்குகிறார். காட்சி பாட்டு வரியை அப்படியே காட்டுகிறதா, விரிக்கிறதா, முரண்படுகிறதா? ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் வெட்டு தாளத்தில் விழுகிறதா? பாடகருக்கு எத்தனை க்ளோசப்? ஒலியை அணைத்து ஒருமுறை பார்த்து, ஷாட்களை நேரத்தோடு அட்டவணையிடுங்கள். பிறகு ஒலியோடு பார்த்து வரிகளைப் பக்கத்தில் எழுதுங்கள். அருவி முன்னால் வெறும் ஆட்டம்தான் என்றால் டோடரோவைத் தொடவே வேண்டாம்.