அம்மாவோடு சுஞ்சி அருவிக்கு: வண்டி, வழி, வசதி

பெங்களூரிலிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் வீடு திரும்பக்கூடிய அருவிகளில் சுஞ்சி மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. கனகபுரா தாண்டி சங்கமத்துக்குப் போகிற வழியில், காவிரியோடு சேர்வதற்குச் சற்று முன்னால், அர்க்காவதி ஆறு பெரிய பாறைகளுக்கு நடுவே பிரிந்து விழுகிற இடம் அது. டொரண்டோவிலிருந்து அல்சூர் வீட்டுக்கு வந்திருந்தபோது எழுபது வயது தாண்டிய அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். பெரியவர்களோடு போக நினைக்கிற நம்மவர்களுக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். அருவியின் படங்கள் எங்கும் கிடைக்கின்றன. முழங்கால் வலி உள்ள ஒருவர் அங்கே எதுவரை போக முடியும், கழிப்பறை உண்டா என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

வண்டி ஏற்பாட்டிலேயே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. செயலி மூலம் பதிவு செய்த வண்டியை முந்தின இரவு ரத்து செய்துவிட்டார்கள். கடைசிப் பகுதி மண் பாதை என்று ஓட்டுநரிடம் சொன்னதுதான் காரணம். அப்புறம் மர்ஃபி டவுனில் இருக்கும் சித்தப்பா, பல வருடங்களாகத் தனக்கு வண்டி ஓட்டும் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், வீடு தலகட்டபுராவில். பாதையைக் கேட்டவுடனே, "அந்த ரோட்டுக்கு காரு வேணாங்கா, பொலேரோ எடுத்துக்கலாம். நீங்க அம்மாவ கூட்டிக்கினு மெட்ரோல வந்துடுங்க, சில்க் இன்ஸ்டிட்யூட்ல நிக்கறேன்" என்றார்.

இந்த யோசனையை எல்லோருக்கும் சொல்வேன். ஹலசூரு (அல்சூரின் கன்னடப் பெயர்) நிலையத்தில் ஊதா வழித்தடத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைக்கு மாறினால், தெற்கே கடைசி நிலையம் சில்க் இன்ஸ்டிட்யூட். 2021 ஜனவரியில் பச்சை வழித்தடம் அதுவரை நீண்டது. நகர நெரிசல் முழுவதையும் தாண்டி, நேராகக் கனகபுரா சாலையிலேயே இறங்கிவிடலாம். லிஃப்ட் இருக்கிறது. அம்மா ஒரு படிகூட ஏறவில்லை.

வெளியூர் வாடகையில் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 அல்லது 300 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவார்கள், ஓட்டுநர் பேட்டா தனி. சுஞ்சி போய் வர அவ்வளவு தூரம் ஆகாது என்பதால், சங்கமத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது. பணத்தைப் பொறுத்தவரை, 2023 முதல் கனடா உட்படப் பல நாடுகளின் கைபேசி எண்ணைக் கொண்டே, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான நம் என்.ஆர்.ஓ., என்.ஆர்.ஈ. வங்கிக் கணக்குகளை யுபிஐயில் இணைக்க வழி வந்திருக்கிறது. பெங்களூருக்குள் எனக்கு எல்லாம் அதிலேயே நடந்தது. ஆனால் அருவிக்குத் திரும்பும் இடத்தில் சிக்னல் போய்விட்டது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாகக் கையில் இருக்கட்டும்.

கனகபுரா வரை சாலை நன்றாக இருக்கிறது. அதன் பிறகு இரண்டு பக்கமும் ராகியும் மல்பெரியும். பட்டுப்புழு வளர்க்கிற பகுதி இது. அருவிக்குப் பிரிகிற பாதையில்தான் சோதனை. மழைநீர் அரித்த பள்ளங்கள், உருளும் கற்கள், எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லை. ஓட்டுநர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "அம்மா, புடிச்சிக்குங்க" என்று சொல்லிச் சொல்லி, நடை வேகத்தில் கொண்டுபோனார். இடையில் இறங்கிப்போய்ச் சக்கரத்துக்கு முன்னால் இருந்த கற்களை நகர்த்தினார். அவர் கேட்ட வாடகைக்கு மேலே கொடுத்தேன், மனநிறைவோடு.

வண்டி நிறுத்துகிற இடத்தில் இளநீர்க் கடை ஒன்றும், சோளம் சுடுகிற ஒரு தள்ளுவண்டியும் இருந்தன. கழிப்பறை என்று நாங்கள் பார்த்த கட்டடம் பூட்டியிருந்தது. இளநீர்க் கடைக்காரம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "பன்னி அம்மா" (கன்னடத்தில் 'வாங்க அம்மா') என்று கைப்பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். காசு நீட்டியபோது வாங்கவில்லை. இது அவருடைய நல்ல மனசு. இத்தனை பேர் வந்துபோகிற இடத்தில் பெண்கள் அதை நம்பி இருக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகவும் கோபமாகவும் இருந்தது. கனகபுராவிலேயே ஒரு நல்ல ஓட்டலில் சாப்பிட்டு, கழிப்பறையை முடித்துக்கொண்டு போங்கள்.

அங்கிருந்து அருவிக்குப் பாறை மேல் நடக்க வேண்டும். அம்மா கொஞ்ச தூரம் வந்து, தட்டையான ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தே அருவி தெரிந்தது. மழைக்காலம் முடிந்த நேரம் என்பதால் தண்ணீர் பல கிளைகளாகப் பிரிந்து, பழுப்பும் வெள்ளையுமாக இறங்கிக்கொண்டிருந்தது. பேசினால் கேட்காத இரைச்சல். சாரல் முகத்தில் பட்டதும் அம்மா சிரித்தார். நான் அவ்வளவு தூரம் வந்ததே அதற்காகத்தான்.

அருவி என்றதும் குளிக்கத்தான் நமக்குத் தோன்றும், குற்றாலம் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா? இங்கே வேண்டாம். பாறை வழுக்கும், சுழல் உண்டு, உயிர்கள் போயிருக்கின்றன. மேலே மழை கொட்டினால், இங்கே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறிவிடும். அதைவிட என்னை உறுத்தியது நுரை. நந்தி மலையில் பிறக்கும் அர்க்காவதிதான் ஒரு காலத்தில் ஹெசரகட்டா ஏரி வழியாகவும், 1930களில் வந்த திப்பகொண்டனஹள்ளி அணை வழியாகவும் பெங்களூருக்குக் குடிநீர் தந்தது. 1974இல் காவிரி நீர் வந்தது. இன்றைக்கு நகரத்தின் சாக்கடையைச் சுமந்து வரும் விருஷபாவதி, கனகபுரா அருகே இந்த ஆற்றில்தான் கலக்கிறது. அல்சூரில் பிறந்த அம்மா சிறுவயதில் குடித்த ஆற்றுத் தண்ணீரில், இப்போது அவர் கால் நனைக்க நான் விடவில்லை. சுத்திகரிப்பு நிலையங்கள் முழு அளவில் வேலை செய்து, இந்த ஆறு தெளிந்து ஓடுவதை நான் பார்க்க வேண்டும்.

சங்கமத்தில் அர்க்காவதியைப் பரிசலில் கடந்து, அக்கரையிலிருந்து பழைய பேருந்தில் மேகேதாட்டுக்குப் போகலாம். நீர் அதிகமாக இருந்தால் இரண்டும் நிற்கும். அன்றைக்கும் நின்றிருந்தது. கரையில் உட்கார்ந்து இரண்டு ஆறுகளும் சேர்வதைப் பார்த்துவிட்டு, கொண்டுபோன புளிசாதத்தைச் சாப்பிட்டோம். இது காவிரி வனவிலங்கு சரணாலயப் பகுதி, யானைகள் நடமாடும் காடு. மாலை நாலு மணிக்கு ஓட்டுநர் கிளம்பச் சொன்னால் தட்டாமல் கிளம்பிவிடுங்கள். ஞாயிறு மாலையாக இருந்தால் கனகபுரா சாலையில் நகரத்தை நெருங்க நெருங்க வண்டிகள் ஊர்ந்துதான் போகும். சில்க் இன்ஸ்டிட்யூட்டிலேயே இறங்கி மெட்ரோ பிடித்தால் இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விடலாம்.