நமீபிய வேட்டை: 80 மீட்டரும் 280 மீட்டரும்

நமீபியாவில் வேட்டைக்கு முன்பதிவு செய்தபோது "புதர்க்காடா, வெட்டவெளியா?" என்று கேட்டார்கள். நிலத்தைப் பற்றிய கேள்வி என்று நினைத்தேன். போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, அது தூரத்தைப் பற்றிய கேள்வி.

வாட்டர்பெர்க் பக்கத்து முட்புதர்க் காட்டில் ஏழு நாள், நமிப் பாலைவன ஓரத்தில் மூன்று நாள் இருந்தேன். தங்குமிடம், சாப்பாடு, செலவு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். துப்பாக்கியும் அதே தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் ரகம். கூடூ, ஓரிக்ஸ் போன்ற பெரிய மான் வகைகளுக்குக் குழலை விட்டு வெளிவரும் தோட்டாவுக்கு 2,700 ஜூல் ஆற்றல் வேண்டும் என்கிறது நமீபியச் சட்டம். இந்தத் துப்பாக்கி அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

புதர்க்காட்டில் பொறுமைதான் முதலீடு. காற்றின் திசை அறிய வழிகாட்டி சாம்பல் நிரப்பிய சிறு துணிப்பையைத் தட்டுவார்; சாம்பல் எங்கள் முகத்துக்கே திரும்பி வந்தால் முன்னே நடக்கலாம். எதிர்ப்பக்கம் போனால் நம் வாடை விலங்குக்கு எட்டிவிடும், அன்றைய உழைப்பு வீண். ஐந்தாம் நாள், கருமுள் புதருக்குப் பின்னால் ஒரு காது மட்டும் அசைந்தது. முக்காலித் தாங்கியில் துப்பாக்கியைச் சாய்த்துக் கால் மணி நேரம் நின்றேன். தோள் தெரிந்தபோது தூரம் 80 மீட்டர். கூடூ ஐம்பது அடிகூட ஓடவில்லை.

வெட்டவெளியில் அந்தக் காத்திருப்பு இல்லை. விலங்கு கண்ணெதிரே நிற்கும். ஆனால் அதுவும் நம்மைப் பார்த்துக்கொண்டே நிற்கும். 250 மீட்டருக்குள் நெருங்கினாலே பெரிது. அங்கேதான் கணக்கு மாறுகிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் குறுக்குக் காற்று 100 மீட்டரில் தோட்டாவை இரண்டு சென்டிமீட்டர் நகர்த்தினால், 300 மீட்டரில் ஒரு சாண் அளவுக்குத் தள்ளிவிடும். நுரையீரலும் இதயமும் உள்ள பகுதியோ சாப்பாட்டுத் தட்டு அளவுதான். தோட்டா போய்ச் சேர அரை நொடிக்குச் சற்றுக் குறைவாகும். அதற்குள் விலங்கு ஓர் அடி எடுத்து வைத்துவிடலாம்.

என் ஓரிக்ஸ் 280 மீட்டரில் நின்றது. சுட்டேன், ஓடிவிட்டது. தடம் பார்ப்பவர் குனிந்து கல்லைத் தொட்டார். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல். அவர் விரலில் இருந்தது பச்சை கலந்த கருஞ்சிவப்பு. வயிறு. நான்கு மணி நேரம் தேடினோம். பாறைத் தரையில் தடம் அற்றுப்போனது. விலங்கு இரத்தம் சிந்தினால், கிடைக்காவிட்டாலும் அதற்கு முழுக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது, கட்டிவிட்டேன். பணம் போனதைவிட, அன்றிரவு அந்த விலங்கு எங்கோ உயிரோடு கிடக்கும் என்ற நினைப்புதான் உறங்கவிடவில்லை.

புதர்க்காட்டிலும் குறை உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு குச்சி தோட்டாவைத் திசைதிருப்பிவிடும். ஆனால் அடி தவறினாலும் மணலில் தடம் இருக்கும். மறுபடி நெருங்க மறைவும் இருக்கும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: வெட்டவெளியில் என் அனுபவம் மூன்றே நாள், ஒரே குண்டு. வருடம் முழுதும் 400 மீட்டரில் பயிற்சி செய்பவர் வேறு கதை சொல்லலாம். மலை வரிக்குதிரையை நான் முயன்றதே இல்லை. அதற்குக் கிட்டே போகவே முடியாது என்கிறார்கள்.

அடுத்த ஆண்டுக்குப் புதர்க்காட்டையே பதிவு செய்திருக்கிறேன். 150 மீட்டருக்கு மேல் என்றால் முக்காலியை விரிக்கவே வேண்டாம் என்று வழிகாட்டிக்கு இப்போதே எழுதிவிட்டேன்.