அணைக்கரையோரம் சைக்கிள்: லாங்டென்டேலா, டெர்வென்ட்டா, எலானா?

காரும் லாரியும் வராத பாதை வேண்டும். பக்கத்தில் தண்ணீர் வேண்டும், தலைக்கு மேல் திறந்த மலைவெளி வேண்டும். ஆனால் பின்சக்கரத்தின் இருபக்கமும் பை தொங்கும்போது மூச்சு முட்டுகிற ஏற்றம் மட்டும் கூடாது. பிரிட்டனில் சைக்கிள் பயணம் தொடங்குகிற நண்பர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். இவை எல்லாம் ஒன்றாகக் கிடைக்கிற இடங்கள் உண்டு. பழைய அணைக்கட்டுப் பள்ளத்தாக்குகள்தான் அவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழில் நகரங்கள் பெருத்தபோது, குடிநீர் தேடி மழை கொட்டும் மூர் நிலங்களுக்குப் போனார்கள். மூர் என்றால் மரமில்லாத மேட்டுவெளி. காலடியில் பஞ்சு மாதிரி நீர் ஊறிய கரிய பீட் மண், அதன்மேல் ஹெதர் என்ற குட்டைப் புதர். ஆகஸ்டில் அது பூத்தால் மலைச்சரிவு முழுக்க ஊதா நிறம். அங்கே அணை கட்டக் கல் ஏற்றிப்போக ரயில் பாதை போட்டார்கள். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் தடத்தை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டு போனார்கள். வேலை முடிந்ததும் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், அந்த மெல்லிய சரிவு மட்டும் மிஞ்சியது. இன்று நம் முழங்காலைக் காப்பாற்றுவது அதுதான்.

இப்படிப்பட்ட மூன்று பள்ளத்தாக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டு இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட்டில் உள்ளவை. மூன்றாவது வேல்ஸ் நடுவில்.

முதலில் லாங்டென்டேல். கார் இல்லாதவர்களுக்கு இதைவிடச் சுலபமான இடம் கிடையாது. மான்செஸ்டர் பிக்காடிலியில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஹேட்ஃபீல்ட். நிலையத்தை விட்டு வெளியே வந்த சற்று நேரத்தில் பாதை தொடங்கிவிடும். வுட்ஹெட் சுரங்கம் வரை பத்தரை கிலோமீட்டர். இங்கே மட்டும் கதை கொஞ்சம் வேறு. இது அணைக்காகப் போட்ட ரயில் அல்ல, மான்செஸ்டரையும் ஷெஃபீல்டையும் இணைத்த முழு ரயில் பாதை. 1981-இல் மூடப்பட்டு, 1992-இல் சைக்கிள் தடமானது. இடதுபக்கம் கீழே பாட்டம்ஸ், வேல்ஹவுஸ், ரோட்ஸ்வுட், டோர்சைட், வுட்ஹெட் என்று ஐந்து நீர்த்தேக்கங்கள் படிக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாக வரும். மான்செஸ்டருக்காக ஜான் ஃபிரெடரிக் பேட்மேன் என்ற பொறியாளர் வடிவமைத்தவை. 1848-இல் தொடங்கிய வேலை 1877 வரை நீண்டது.

பாதை அகலமாக, அழுத்தமாக இருக்கிறது. ஏற்றம் இருப்பதே தெரியாது, திரும்பி வரும்போதுதான் பெடல் தானாகச் சுற்றுவதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒரு பெரிய குறை. எதிர்க்கரையில் ஏ628 சாலை ஓடுகிறது, லாரிகள் நிறைய. பாதையில் வண்டி கிடையாது, காதில் உண்டு. வாரநாளில் போனால் அந்த இரைச்சல் டோர்சைட் வரை கூடவே வரும். அமைதிக்காகப் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பாதையின் முடிவில் சுரங்கத்தின் வாய் அடைத்துக் கிடக்கிறது. கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் நீளச் சுரங்கம், இப்போது உள்ளே ஓடுவது 4 லட்சம் வோல்ட் மின்கம்பி. கிழக்கே தொடர வேண்டுமானால் மூர் மேல் ஏறி, அந்த ஏ628-ஐயே குறுக்கே கடந்து, டன்ஃபோர்ட் பிரிட்ஜில் இறங்க வேண்டும். பை கட்டிய சைக்கிளை நான் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனேன். ஆனாலும் நீண்ட பயணக்காரர்களுக்கு லாங்டென்டேல்தான் பொருத்தம். இது மேற்குக் கடற்கரையின் சவுத்போர்ட்டிலிருந்து கிழக்குக் கடற்கரையின் ஹார்ன்சி வரை போகும் டிரான்ஸ் பென்னைன் டிரெயிலின் ஒரு துண்டு. கடலிலிருந்து கடலுக்கு ஓட்டுகிற எண்ணம் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம்.

அடுத்தது மேல் டெர்வென்ட். அழகில் லாங்டென்டேல் இதன் பக்கத்தில் நிற்காது. ஹௌடன், டெர்வென்ட் என்ற இரண்டு கல்லணைகள், கோட்டை மாதிரி இரட்டைக் கோபுரங்களோடு. மழை பெய்து அணை நிரம்பி மறுகால் பாயும் நாளில், சுவர் முழுக்க வெள்ளைத் திரையாகத் தண்ணீர் இறங்கும். அதைக் கீழே நின்று பார்த்தவர் மறக்கமாட்டார். அவற்றுக்குக் கீழே லேடிபோவர். 1943-இல் கட்டி முடித்து 1945-இல் திறந்தார்கள். அதற்காக டெர்வென்ட், ஆஷாப்டன் என்ற இரண்டு கிராமங்கள் நீருக்குள் போயின. டெர்வென்ட் தேவாலயத்தின் கோபுரம் மட்டும் தண்ணீருக்கு மேல் தனியாக நின்றுகொண்டிருந்தது, 1947-இல் அதையும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 2018 மாதிரி வறண்ட ஆண்டுகளில் ஊரின் கற்குவியல் வெளியே தெரியும்.

டெர்வென்ட் அணைக்குக் கீழே உள்ள ஃபேர்ஹோம்ஸில் தொடங்கி இரண்டு மேல் அணைகளையும் சுற்றி வந்தால் சுமார் 16 கிலோமீட்டர். அங்கே வாடகை சைக்கிளும் கிடைக்கும். மேற்குக் கரையில் தார்ச்சாலை, கிழக்குக் கரையில் சரளைக்கல் காட்டுப்பாதை. வடக்கு முனையில் ஸ்லிப்பரி ஸ்டோன்ஸ் என்ற இடத்தில் ஒரு பழைய கற்பாலம். மூழ்கவிருந்த கிராமத்திலிருந்து கல் கல்லாகப் பிரித்து எடுத்துவந்து, 1959-இல் இங்கே திரும்பக் கட்டினார்கள். பாலத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. சுற்றிலும் ஹௌடன் மூர். 1953 குளிர்காலத்தில் அங்கே ஒரு முதிய மேய்ப்பர் இறந்துபோக, அவருடைய நாய் டிப் பதினைந்து வாரம் உடலை விட்டு நகராமல் காத்துக்கிடந்தது. அதற்கு டெர்வென்ட் அணையருகே நினைவுக்கல் உண்டு, கட்டாயம் நின்று பாருங்கள்.

சரி, இங்கே என்ன சிக்கல்? மேற்குக் கரைச் சாலை எல்லா நாளும் வண்டியில்லாச் சாலை இல்லை. ஃபேர்ஹோம்ஸுக்கு மேலே வார இறுதியிலும் பொது விடுமுறையிலும்தான் கார்களை நிறுத்துகிறார்கள். அந்த நாட்களிலோ ஃபேர்ஹோம்ஸ் வரை வரும் கீழ்ச்சாலையில் கார் வரிசை நிற்கும். அப்புறம், கிழக்குக் கரைக் கற்கள். மெல்லிய டயரோடு போய் நான் பஞ்சர் ஒட்டிய இடம் அது. 35 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரோடு அந்தப் பக்கம் போகவேண்டாம் என்பேன். ரயிலில் வருகிறவர்கள் பாம்ஃபோர்டில் இறங்கலாம், ஆனால் நடுவில் கொஞ்ச தூரம் பெரிய சாலையைத் தொடாமல் வர முடியாது.

இப்போது எலான். என் ஓட்டு இதற்குத்தான்.

வேல்ஸில் ரேயடர் ஊரின் ஓரத்தில் தொடங்கி க்ரெய்க் கோச் அணை வரை சுமார் 14 கிலோமீட்டர். பர்மிங்காம் மாநகராட்சி அணை கட்டப் போட்ட ரயிலின் தடம்தான் இது. 1893-இல் தொடங்கிய வேலை, 1904-இல் ஏழாம் எட்வர்ட் அரசர் திறந்துவைத்தார். காபன் கோச், கரெக் தீ, பென்-அ-கரெக், க்ரெய்க் கோச் என்று அணைகள் வரிசையாக வரும். கரெக் தீ அணை நிரம்பிய நாளில் கண்ணுக்கே தெரியாது, அதன் மேலே கட்டிய பாலத்தின் வளைவுகள் மட்டும் தண்ணீரில் நிற்கும். இங்கிருந்து பர்மிங்காம் 118 கிலோமீட்டர். பம்பு எதுவும் இல்லாமல், 2300 அடிக்கு ஓரடி என்ற சரிவை மட்டும் நம்பித் தண்ணீர் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகிறது. நம் பயணமும் அதே வேகத்தில் இருந்தால் நல்லது என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

ஓட்டுவதற்கு இதுதான் மூன்றிலும் சுகமானது. கீழ்ப்பகுதி தார், மேலே இறுகிய மண்ணும் பொடிக்கல்லும். தண்ணீருக்கு இவ்வளவு நெருக்கமாக லாங்டென்டேல் போவதில்லை. எதிர்க்கரையில் லாரியும் இல்லை. தலைக்கு மேல் பிளவுபட்ட வாலோடு ரெட் கைட் என்ற செந்நிறப் பருந்துகள் வட்டமிடும். ஒருகாலத்தில் பிரிட்டனில் வேல்ஸின் இந்த மலைகளில்தான் அவை தப்பிப் பிழைத்திருந்தன. இரவு தங்கினால் வானம் இன்னொரு பரிசு. 2015-இலிருந்து இது சர்வதேச இருள்வான் பூங்கா.

டெர்வென்ட்டுக்கும் எலானுக்கும் ஒரு போர்க்கால உறவும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் அணைகளை உடைக்க பார்ன்ஸ் வாலிஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் குண்டு வடிவமைத்தபோது, 1942-இல் எலானில் நான்ட்-அ-க்ரோ என்ற சிறிய அணையை உடைத்துச் சோதித்தார்கள். அடுத்த ஆண்டு, அந்தக் குண்டை வீசப்போகிற பிரிட்டிஷ் விமானப்படையின் 617-ஆவது படைப்பிரிவு தாழப் பறந்து பழகியது டெர்வென்ட் அணையின் மேல். இரண்டையும் பார்த்தவருக்கு அந்தக் கதை முழுதாகும்.

எலானின் குறை தூரம். ரேயடரில் ரயில் நிலையம் இல்லை, 1962-இலேயே மூடிவிட்டார்கள். லான்ட்ரின்டாட் வெல்ஸில் இறங்கி மலைச்சாலையில் ஓட்டிவர வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்பும் இடம் இல்லை, இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். பை கட்டியவருக்கு அது குறையே அல்ல. க்ரெய்க் கோச்சிலிருந்து அபெரிஸ்ட்வித் கடற்கரைவரை மலைச்சாலை தொடர்கிறது, கார்கள் மிகக் குறைவு.

நார்தம்பர்லாந்தின் கீல்டரையும் கேட்பீர்கள். 42 கிலோமீட்டர் சுற்று, பிரிட்டனின் மிகப் பெரிய கொள்ளளவுள்ள செயற்கை ஏரி, முழுக்க வண்டியில்லாப் பாதை. ஆனால் அது ரயில் தடம் அல்ல. ஏறி இறங்கி ஏறி இறங்கி, பாரத்தோடு போகிறவரைக் களைப்படையச் செய்யும். கரையெங்கும் நட்டு வளர்த்த ஊசியிலை மரங்கள், மூரின் திறந்த வானம் அங்கே கிடைப்பதில்லை. அதனால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மட்டும் கையில் இருந்தால் டெர்வென்ட், காலை ஒன்பதுக்கு முன்பே ஃபேர்ஹோம்ஸில் இருங்கள். குழந்தையோடு, காரில்லாமல் என்றால் லாங்டென்டேல், அதிலும் ஞாயிறு காலை. நான்கு நாள் விடுமுறை கிடைத்தால் எலான். எங்கே போனாலும் புறப்படும் முன் காற்றின் திசையைப் பாருங்கள். மூரில் தடுக்க மரம் இல்லை, மேற்குக் காற்று வீசினால் சமதளமும் ஏற்றமாகிவிடும். லாங்டென்டேலில் அது ஹேட்ஃபீல்டுக்குத் திரும்பும்போது நேராக முகத்தில் அறையும், ஆகவே பாதித் தெம்பை அதற்கு மிச்சம் வையுங்கள். எலானில் போகும்போதே எதிர்த்து நின்று, களைத்துத் திரும்புகையில் முதுகைத் தள்ளிவிடும்.