ஒட்டிய பிணைச்சலுக்குப் புதிய பாகத்தின் விலை

மட்டக்களப்பில் மோட்டார் சைக்கிளின் பின்பெட்டியைத் திருத்தக் கொடுப்பவர்கள், மூடியின் பிணைச்சலை வெயில் வெளிச்சத்தில் திறந்து பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். உடைந்த பழைய பிணைச்சலையே பசையால் ஒட்டி, அதன்மேல் கறுப்பு வர்ணம் தெளித்துவிட்டு, புதிய பாகம் மாற்றியதாகச் சொல்லி என்னிடம் 4,500 ரூபா வாங்கிக்கொண்டார்கள். பணம் போனதைவிட, அந்த மூடி ஓடும் வீதியில் கழன்றதுதான் என்னை இதை எழுத வைத்தது.

வேலை நிமித்தம் கல்முனை வீதியில் அடிக்கடி போய்வருபவன் நான். கோப்புகளும் மழையங்கியும் எப்போதும் பெட்டிக்குள் இருக்கும். இவ்வகைப் பெட்டிகளில் பிணைச்சல் ஓட்டுநரின் முதுகுப் பக்கமும் பூட்டு பின்பக்கமும் இருப்பதால், பூட்டு பழுதானால் மூடி சற்று ஆடுவதோடு நின்றுவிடும். பிணைச்சல் விட்டால், முன்னிருந்து வரும் காற்று இடுக்கில் புகுந்து மூடியை அப்படியே மேலே கிளப்பிவிடும். ஆரையம்பதியைத் தாண்டியதும் எனக்கு நடந்தது அதுதான். பூட்டில் மட்டும் தொங்கிய மூடி, பின்னால் குழந்தையோடு வந்த ஒருவரின் பக்கமாக வீசி அடித்தது. அவர் விலகிக்கொண்டது எங்கள் இருவருடைய நல்ல காலம்.

ஓரமாக நிறுத்தி உடைந்த இடத்தைப் பார்த்தபோது, மூட்டைச் சுற்றி வெண்மையாகப் பனிபடர்ந்ததுபோல ஒரு படலம் தெரிந்தது. சுப்பர் குளூ காயும்போது அதன் ஆவி அக்கம்பக்கத்தில் படிந்து உண்டாகும் கறை அது. நகத்தால் கிளப்பியவுடன் பசை ஒரே துண்டாக உரிந்து வந்தது; பிளாஸ்டிக்கில் அது துளியும் பற்றியிருக்கவில்லை. பெட்டியின் அடியில், முக்கோணக் குறிக்குள் 5 என்ற இலக்கமும் கீழே பிபி என்ற எழுத்துகளும் வார்க்கப்பட்டிருந்தன. அது பொலிப்புரோப்பிலீன் என்பதற்கான அடையாளம். அந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை எதுவும் நின்றுபிடிக்காது. ஏபிஎஸ் என்ற வேறு வகைப் பிளாஸ்டிக்கில் செய்த பெட்டி என்றால், இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் எபொக்சிப் பசையாவது ஓரளவு பிடிக்கும். ஆனாலும் சுப்பர் குளூ காய்ந்தால் நொறுங்கும் தன்மையுடையது, அதிர்வைத் தாங்காது. பெட்டிகளை நாளும் திருத்துபவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

திரும்பிப் போய்க் கேட்டபோது, வேலையை ஒப்படைத்த அன்று "புதுப் பிணைச்சல் போட்டாச்சு அண்ணன், இனி ஒண்டும் பயப்பிடத் தேவல்ல" என்று சொன்ன அதே இளைஞர், பெட்டிக்குள் நான் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருப்பேன் என்றார். பாரம் ஏறுவது பெட்டியின் அடித்தளத்தில். மூடியின் பிணைச்சல் அதைச் சுமப்பதே இல்லை. கழற்றிய பழைய பாகத்தைக் காட்டுங்கள் என்றேன், எறிந்துவிட்டோம் என்றார்கள். பற்றுச்சீட்டை நான் முதல் நாளே கேட்டிருந்தேன். அன்றைக்கும் அவர்களுடைய புத்தகம் முடிந்திருந்தது, இன்றைக்கும் முடிந்தேதான் இருந்தது.

இனி எவரிடமும் கொடுப்பதில்லை என்று முடிவுசெய்து, ஹார்ட்வெயார் கடையில் அலுமாரிக் கதவுக்குப் பூட்டும் சிறிய பித்தளைப் பிணைச்சல் இரண்டு வாங்கினேன். நமது ஊர் உப்புக்காற்றில் இரும்புப் பிணைச்சல் விரைவில் துருவேறி இறுகிவிடும் என்பதால்தான் பித்தளை. முதலில், வெடிப்புகளின் நுனியில் 3 மில்லிமீற்றர் துளை ஒவ்வொன்று போட்டேன். அப்படிச் செய்தால் அழுத்தம் ஒரே புள்ளியில் குவியாது, வெடிப்பு மேற்கொண்டு ஓடாது. பிறகு மூடியைச் சரியாகப் பொருத்திப் பூட்டி, சுற்றிலும் ரேப் ஒட்டி அசையாமல் இறுக்கிய நிலையிலேயே பிணைச்சல்களை வைத்துத் துளைக்குரிய இடங்களைக் குறித்தேன். திறந்து வைத்துக் குறித்தால் மூடி பின்னர் ரப்பர் விளிம்பில் படியாது. இரண்டு பிணைச்சல்களின் அச்சும் ஒரே நேர்கோட்டில் இருப்பதும் முக்கியம். கொஞ்சம் கோணினாலும் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அவை ஒன்றையொன்று இழுத்து, பிளாஸ்டிக்கை மறுபடியும் வெடிக்க வைக்கும்.

பிளாஸ்டிக்கில் நேரே முடுக்கும் ஸ்குரூ அதிர்வில் கழன்றுவிடும் என்பதால், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளை ஊடுருவ விட்டு, உட்பக்கம் அகன்ற வாஷரும் நைலோன் வளையம் உள்ள நட்டும் போட்டேன். பழைய ரியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வில்லைகளை ஒவ்வொரு துளையின் வெளிப்பக்கத்திலும் போல்ட்டின் தலைக்குக் கீழே வைத்து இறுக்கி, கிணற்றடியில் வாளியால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு துளையால் கசிந்தது. அதில் மட்டும் வில்லையை இரட்டித்தேன். பார்வைக்கு அழகில்லை, மூடியில் பித்தளை பளிச்சென்று தெரிகிறது. இருந்தாலும் மாரி மழையில் கோப்புகள் நனையவில்லை. எல்லாச் செலவும் சேர்த்து, அவர்கள் வாங்கியதில் கால்வாசியைத் தொடவில்லை.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். உரிந்து வந்த பசைத்துண்டை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, வர்ணம் சுரண்டப்பட்ட மூட்டின் படங்களையும் சேர்த்து என் கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். கடையின் பெயர் அந்தக் கடிதத்தில் இருக்கிறது; விசாரணை முடியும்வரை இங்கே அதை எழுதப்போவதில்லை. தயவுசெய்து யாரும் ஊகித்து எந்தக் கடையின் பெயரையும் எழுத வேண்டாம்.